இதயத்தின் பின்கட்டில் என்ன கொதிக்கிறது?

உஷ்! சத்தம் போடாமல் வாங்க. முன்கட்டில் 'லப் டப்' என்று தாளம் தட்டுகிற இதயம், பின்கட்டில் ஹார்மோன் காய்ச்சிக்கொண்டிருக்கிறது! வெறும் பம்ப் என்றுதானே இத்தனை நாள் நம்பினோம்?

1956-லேயே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இதய மேலறைத் தசைக்குள் விநோதமான பொட்டுகள் தெரிந்தன. எதற்கென்று பிடிபடவில்லை. 1981-ல் கனடாவின் கிங்ஸ்டனில் அடால்ஃபோ டி போல்ட், எலியின் மேலறையை அரைத்து அந்தச் சாற்றை வேறு எலிகளுக்கு ஊசி போட்டார். அடேயப்பா! சிறுநீர் 10 மடங்கு, அதோடு போன உப்பு 30 மடங்குக்கும் மேல்! 20 நிமிடத்தில் கூத்து முடிந்தது. கீழறைச் சாறு ஏற்றிய எலிகளோ அசரவே இல்லை. அந்தப் பொட்டுகளுக்குள் பதுங்கியிருந்த ஏஎன்பி என்ற ஹார்மோன் மாட்டிக்கொண்டது இப்படித்தான். அதன் தம்பி பிஎன்பி 1988-ல் ஜப்பானில் பன்றி மூளையிலிருந்து பிடிபட்டது. விசாரித்தால், ஐயாவும் அதிகம் சுரப்பது இதயத்தில்தானாம்! மூச்சுத் திணறி வருபவருக்கு டாக்டர் எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்று, இந்தத் தம்பியைத் தேடித்தான்.

உப்புக் கதை பழசு. சூட்டுக் கதைதான் சுவாரசியம்! 2012-ல் அமெரிக்காவில் ஷீலா காலின்ஸ் குழு எலிகளைக் குளிரில் வைத்துப் பார்த்தது. ரத்தத்தில் இதய ஹார்மோன்கள் ஏறின. பிறகு ஹார்மோனை மட்டும் செலுத்தினார்கள். சும்மா சேர்ந்து கிடக்கும் வெள்ளைக் கொழுப்பில்கூட யுசிபி-1 என்ற புரதம் பெருகியது. எரிபொருளை நேராக வெப்பமாக்கிவிடுகிற புரதம் அது!

இதயம் தளர்ந்தவர்களுக்கு அறைச் சுவர் இழுபட இழுபட இந்த இதய ஹார்மோன்கள் கொட்டுகின்றன. தீராத இதயத் தளர்ச்சியில் சிலர் எலும்பும் தோலுமாவதில் இந்த எரிப்புக்கும் பங்கிருக்குமோ என்று ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. அப்படியானால் அவர்கள் உடம்பு கணகணவென்று இருக்க வேண்டாமா? நோய் முற்றியவரின் கையைத் தொட்டுப் பாருங்கள், பல சமயம் சில்லென்று இருக்கும்! பம்ப் பலவீனமானதும் உடல் தோலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, முக்கிய உறுப்புகளுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. வெளியே குளிர்ந்தாலும் உள்ளே வேறு கணக்கு ஓடலாம். அக்குள் தெர்மாமீட்டரை மட்டும் நம்பி ஹார்மோனின் கைவரிசையை அளக்கப் போனால் ஏமாந்துபோவோம்.

உள்சூட்டை அளக்க வழி இருக்கிறது. ஐசியூவில் சிலருக்கு நுரையீரல் தமனி வரை செலுத்தும் ஸ்வான்-கான்ஸ் குழாயின் நுனிக்கு அருகில் ஒரு குட்டி வெப்ப உணரி உண்டு. இதயத்தின் பக்கத்து வீட்டிலேயே தெர்மாமீட்டர்!