வரப்பில் நின்ற காக்கி

நெய்வேலி சுரங்க வாசலில் நிற்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. நகரியத்துக்கும், அதைச் சுற்றி நிலம் கொடுத்த கிராமங்களுக்கும் தமிழகப் போலீஸ்தான். கிராமத்துக்காரர் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. அவருக்கு இருவருமே ‘கம்பெனி போலீஸ்’தான்.

அப்படி நினைக்கக் காரணமும் உண்டு. 2023 ஜூலை 26இல் வளையமாதேவியில் சுரங்க நிறுவனத்துக்குக் கால்வாய் வெட்ட, வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கின. சுற்றிலும் போலீஸ். இரண்டு நாள் கழித்து பா.ம.க. நடத்திய முற்றுகை கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, வானத்தை நோக்கித் துப்பாக்கிச் சூடு என்று முடிந்தது. போலீசாருக்கும் மண்டை உடைந்தது. இழப்பீடும் வேலையும் நிறுவனத்துக்கும் விவசாயிக்கும் உள்ள வழக்கு. வரப்பில் நின்றதோ காக்கிச்சட்டை. அடுத்த மாதம் சாட்சி கேட்டு அதே ஜீப் அங்கே போனால் யார் வாய் திறப்பார்?

பயம் அதற்கும் முந்தியது. பக்கத்து முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணு 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்டார். ‘தப்பி ஓடிவிட்டார்’ என்றது போலீஸ். உயர் நீதிமன்றம் குற்றவாளிகளைத் தண்டித்தது 2006இல். அதே 1993இல்தான் ராமநாதபுரம் எஸ்.பி. பிரதீப் வி. பிலிப் பொதுமக்களைப் போலீசுக்குத் துணையாகச் சேர்க்கும் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பைத் தொடங்கினார். நல்ல யோசனைதான். ஆனால் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த பிறகு, 2020 ஜூலையில், அரசே அதைத் தடை செய்தது. அந்த நவம்பரில், நெய்வேலி நகரியப் போலீசார் கைது செய்த முந்திரி வியாபாரி ஒருவர் காவலில் இறந்து, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

என்னைக் கேட்டால், போலீஸ் மீதான நம்பிக்கையை மீட்க நல்லுறவுக் கூட்டமும் வாலிபால் போட்டியும் அப்புறம். முதலில் ஸ்டேஷன் மேசை. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ஷிப்ட் முடிந்து புகாரோடு வருகிறார். “அய்யா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, நாளைக்கு வாப்பா” என்று பதில். நாளைக்கு வந்தால் அரைநாள் கூலி போச்சு. ‘வாங்க, உட்காருங்க’ என்று சொல்லி, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுக்க எந்தத் திட்டமும் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தரச் சொல்லிச் சட்டமே இருக்கிறது. கைதுக் குறிப்பில் உறவினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல்.

விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். நகை தொலைத்த என்ஜினீயருக்குப் போகும் அந்தத் தகவல், மோட்டார் ஒயர் தொலைத்த விவசாயிக்கும் போனதா என்று டி.எஸ்.பி. மாதம் ஒருமுறை பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.