கட்டிங் வேஸ்ட்டைக் கொளுத்தாதீர்கள்... அதற்குள் நூல் இருக்கிறது!

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலிலிருந்து வாசகி ஒருவர் கேள்வி அனுப்பியிருந்தார். "நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து தையல் யூனிட் நடத்துகிறோம். டி-சர்ட், நைட் பேன்ட் தைத்துக் கொடுக்கிறோம். வாரத்துக்கு இரண்டு மூட்டை வெட்டுத் துண்டு சேர்ந்துவிடுகிறது. ஆற்றோரம் கொட்டிக் கொளுத்துகிறோம். பக்கத்து நிலத்துக்காரர் புகை தாங்காமல் சண்டைக்கு வருகிறார். இதைத் திருப்பூரில் மறுபடி நூலாக்குகிறார்கள் என்கிறார்களே, நிஜமா? எங்களிடம் வாங்குவார்களா?"

நிஜம்தான். வாங்குவார்களா என்பதற்கு மட்டும் நான்கு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் கேள்வி-பதில் பகுதியிலிருந்து எடுத்துத் தனிக் கட்டுரையாகவே எழுதுகிறோம்.

பனியன் துணியை நூறு கிலோ வெட்டினால் 10 முதல் 15 கிலோ வரை துண்டாக விழும். கழுத்து வளைவு, கை வளைவு, ஓரம் என்று எதையும் தவிர்க்க முடியாது. பம்ப் செட் ரிப்பேருக்கு வரும் மெக்கானிக் கையில் எண்ணெய் துடைக்க வைத்திருப்பாரே 'பனியன் வேஸ்ட்', அது இந்தத் துண்டுதான். திருப்பூரில் இதற்கென்றே வியாபாரிகள் இருக்கிறார்கள். வாங்கி, நிறம் பிரித்து, பேல் கட்டி மில்லுக்கு அனுப்புகிறார்கள்.

மில்லில் முதலில் துண்டைச் சிறிதாக நறுக்குவார்கள். பிறகு முள் பதித்த உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிய்த்தால், துணி மறுபடி பஞ்சாகிவிடும். பார்க்கப் பஞ்சுதான். ஆனால் பழைய பஞ்சு இல்லை. பருத்தி போட்டவர்களுக்கு இழை நீளத்தின் அருமை தெரியும். சங்கர்-6 மாதிரி ரகத்தில் 28, 29 மி.மீ. இருக்கும் இழை, பிய்த்த பிறகு ஏறக்குறைய பாதியாகிவிடும். குட்டை இழையை வழக்கமான ரிங் மெஷினில் போட்டால் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் 'ஓ.இ. மில்' என்று கோவை, திருப்பூர் வட்டாரத்தில் சொல்லும் ஓபன் எண்ட் மில்லுக்குப் போகிறது. அங்கே வேகமாகச் சுழலும் சின்னக் கிண்ணத்துக்குள் காற்று இழுக்க, குட்டை இழையும் முறுக்கேறி நூலாகிவிடும்.

இந்த நூல் சற்று மொத்தமானது. 10, 20-ஆம் நம்பர் நூல் சுலபமாக வரும். மெல்லிய டி-சர்ட்டுக்கு வேண்டிய 30-ஆம் நம்பர் வரவேண்டுமானால் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலந்தே ஆகவேண்டும். கரூர், சென்னிமலைப் பக்கம் போர்வைக்கும் சமையலறைத் துண்டுக்கும் பல காலமாக ஓடிக்கொண்டிருந்த சரக்கு இது. வெளிநாட்டு வியாபாரிகள் 'மறுசுழற்சி நூல் வேண்டும்' என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் பின்னலாடைக்கும் மவுசு வந்தது. ஜி.ஆர்.எஸ். என்ற உலகத் தரச்சான்று முத்திரையை உடுப்பில் குத்த வேண்டுமானால், அதில் குறைந்தது பாதியாவது மறுசுழற்சிச் சரக்காக இருக்கவேண்டும்.

சாயம் போடாத நிறம்

இதில் விவசாயிக்கு என்ன என்று கேட்கலாம். விஷயமே இனிமேல்தான் இருக்கிறது.

நீலத் துண்டுகளை மட்டும் தனியாகப் பிய்த்தால் நீலப் பஞ்சு வரும். அதை நூற்றால் நீல நூல். சாயப்பட்டறைக்கே போகவேண்டாம்! கறுப்பும் வெள்ளையும் கலந்தால் சாம்பல் நிறம் கிடைக்கும். கடையில் புள்ளி புள்ளியாகத் தெரியும் 'மெலஞ்' டி-சர்ட் போலவே இருக்கும்.

பருத்திக்கு அடர் நிறம் ஏற்ற, சாயத் தொட்டியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60, 80 கிராம் வரைகூட உப்புப் போடுகிறார்கள். சாயம் துணியில் ஒட்டும். உப்பு ஒட்டாது, அப்படியே கழிவு நீரில் வெளியேறும். நொய்யல் பாழானதற்கு நிறத்தைவிட இந்த உப்புதான் பெரிய காரணம். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் அது சாயக் கழிவுத் தேக்கமாகி, "தண்ணீரைத் திறக்காதீர்கள்" என்று பாசன விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. அணையைக் கட்டிவிட்டு மூடிவைக்கச் சொன்ன ஊர் வேறு எங்காவது உண்டா தெரியவில்லை. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடினார்கள். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாடு செய்த பிறகே பட்டறைகள் ஓட முடிந்தது. இப்போது தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பிரித்தெடுத்த கலப்பு உப்பை என்ன செய்வது என்ற தலைவலி தீரவில்லை.

பாலாற்றுக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளுக்காக 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது உங்கள் ஆறு. சாயமும் உப்பும் இல்லாமல் ஒரு கிலோ நிற நூல் வருகிறது என்றால், ஏதோ ஒரு ஆற்றுப் பாசனக்காரருக்கு அந்த அளவு மிச்சம்.

பாட்டில் சட்டை

இன்னொரு வகையும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்கு ஒரு நீல மேல்சட்டை போட்டு வந்தது நினைவிருக்கும். அது தண்ணீர் பாட்டிலில் செய்த துணி. கரூர் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் கொடுத்தது. பாட்டிலைக் கழுவி, சில்லாக நொறுக்கி, உருக்கி இழையாக இழுக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது கடைசிவரை பிளாஸ்டிக்தான். துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துகள் தண்ணீரில் போகும். பருத்தியோடு கலந்து நூற்றுவிட்டால் மறுபடி பிரிப்பதும் கஷ்டம். என்னைக் கேட்டால் வெட்டுத் துண்டு நூலுக்குத்தான் முதல் ஓட்டு.

"பழைய துணியிலேயே நூல் வந்துவிட்டால் எங்கள் பருத்தியை யார் வாங்குவார்?" என்ற பயம் பருத்தி விவசாயிகளுக்கு வரலாம். குட்டை இழை தனியாக நிற்காது, அதைத் தாங்கிப்பிடிக்க நீள இழைப் பஞ்சு வேண்டும். 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது பின்னலாடைக்காரர்கள் திணறியது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்த நூலின் பக்கம் அதிகம் பேர் திரும்புகிறார்கள். நீள இழை ரகம் போடுபவர் கவலைப்படத் தேவையில்லை. குட்டை இழை ரகம் போடுபவருக்கு விலையில் கொஞ்சம் அடி விழ வாய்ப்பு உண்டு, மறைப்பதற்கில்லை.

திருமுக்கூடல் சகோதரிக்கு...

அம்மா, உங்கள் இரண்டு மூட்டையை அப்படியே லாரியில் ஏற்றினால் வாடகையே விற்ற காசை விழுங்கிவிடும். எல்லா நிறமும் ஒன்றாகக் கலந்த மூட்டைக்குக் கிடைப்பது அடிமாட்டு விலை. வெள்ளைக்குத்தான் நல்ல விலை, அடுத்து வெளிர் நிறம், கடைசியில் அடர் நிறம். ஆகவே வெட்டும் மேசைக்குக் கீழேயே நிறத்துக்கு ஒரு சாக்குக் கட்டிவிடுங்கள். தரையில் விழுந்த பிறகு பிரிக்க உட்கார்ந்தால் ஒரு ஆள் கூலி போய்விடும்.

சுத்தப் பருத்தி வேறு, பாலியஸ்டர் கலந்தது வேறு. சந்தேகமாக இருந்தால் ஒரு நூலைப் பற்றவைத்துப் பாருங்கள். காகிதம் எரிவது போல் எரிந்து சாம்பலானால் பருத்தி, உருகி உருண்டையானால் பாலியஸ்டர். இழுத்தால் ரப்பர் போல் நீளும் லைக்ரா துணியைத் தனியே ஒதுக்குங்கள், பிய்க்கும்போது அது சுற்றிக்கொள்ளும். எலாஸ்டிக், ஜிப், லேபிள், மெஷின் எண்ணெய் பட்ட துண்டு எதுவும் சாக்கில் போகக் கூடாது. ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், மழைக் காலத்தில் பரணில் வையுங்கள்.

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துத் தையல் யூனிட்டுகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரு வண்டி நிறையும் வரை சேமித்து அனுப்பினால்தான் கணக்கு கட்டும். அதுவரை நீளமான பனியன் துண்டுகளில் மிதியடி பின்னலாம். துண்டைப் பட்டையாக வெட்டி இழுத்தால் ஓரம் தானே சுருண்டு கயிறு போலாகிவிடும், தைக்கக்கூட வேண்டாம்.

சரக்கு அனுப்பும் முன், நிறத்துக்கு ஒரு கிலோ வீதம் பஸ் பார்சலில் மாதிரி அனுப்பி, இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை கேளுங்கள். எடை உங்கள் ஊரில் போடுவதா அங்கே போடுவதா, லாரி வாடகை யார் தலையில் என்பதை முதலிலேயே பேசி, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.