ராமானுஜன், உ.வே.சா., எம்.எஸ்.சுவாமிநாதன்... மூவரையும் இணைக்கும் கும்பகோணம்!

கும்பகோணம் என்றதும் மகாமகம், வெற்றிலை, டிகிரி காபி ஞாபகம் வரும். ஆனால் கணித மேதை ராமானுஜன், தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர், பசுமைப் புரட்சியின் எம்.எஸ்.சுவாமிநாதன் என மூன்று பேரின் வாழ்க்கையும் இந்த ஊரில்தான் திரும்பியது. அப்படி என்ன நடந்தது?

ஒரு கேள்வி போட்ட பிள்ளையார் சுழி

காவிரிக் கரையில் இருக்கும் அரசு கலைக் கல்லூரி, 1854-ல் பள்ளியாகத் தொடங்கியது. பிறகு 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்றே பெயர் எடுத்தது. 1880-ல் இங்கே தமிழாசிரியராகச் சேர்ந்தார் உ.வே.சா.

அதே ஆண்டு, ஊரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்திக்கப் போனார். தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை நூல்களை வரிசையாகச் சொன்னார். முதலியார் அசரவே இல்லை. "சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா?" என்கிற மாதிரி கேட்டார். பதில், இல்லை!

அந்தக் கேள்விதான் உ.வே.சா.வை ஏட்டுச்சுவடிகளைத் தேட வைத்தது. சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) என அவர் பதிப்பித்த எல்லாமே கும்பகோணத்தில் வேலை பார்த்த காலத்தில் வந்தவை. 1903-ல்தான் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார்.

ஃபெயில் ஆன மேதை

சிந்தாமணி அச்சான அதே 1887-ல் ஈரோட்டில் பிறந்தவர் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெருவில். அப்பாவுக்குத் துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை.

டவுன் ஹைஸ்கூலில் படித்தபோது, இரவல் வாங்கிய ஒரு கணித நூல் அவரை அப்படியே இழுத்துக்கொண்டது. 1904-ல் பரிசு வாங்கி, உதவித்தொகையோடு கல்லூரிக்குப் போனார். ஆனால் கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. மற்ற பாடங்களில் ஃபெயில். உதவித்தொகையும் போச்சு. வீட்டை விட்டே கிளம்பிப் போனார்.

சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க்காக இருந்தபோது, 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914-ல் கப்பல் ஏறினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920-ல், 32 வயதில் மரணம்.

டாக்டர் மகன் வயலுக்குப் போன கதை

எம்.எஸ்.சுவாமிநாதன் 1925-ல் கும்பகோணத்திலேயே பிறந்தவர். அப்பா சாம்பசிவன் டாக்டர். ஊரை வாட்டிய யானைக்கால் நோயை ஒழிக்க, மக்களைத் திரட்டி கொசு உற்பத்தியாகும் இடங்களை அழித்தவர். சுவாமிநாதனுக்கு 11 வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார்.

மகனும் டாக்டர் ஆவார் என்றுதான் வீட்டில் எதிர்பார்த்தார்கள். 1943 வங்கப் பஞ்சம் முடிவை மாற்றியது. சுவாமிநாதன் விவசாயம் படித்தார்.

பிறகு கட்டாக்கில் ஜப்பான் நெல்லையும் நம்ம ஊர் நெல்லையும் ஒட்டுச் சேர்க்கும் ஆய்வில் வேலை பார்த்தார். அந்தத் திட்டத்தின் வழியில் வந்த ரகம்தான் ஏடிடி 27. உருவானது கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊரான ஆடுதுறையில். விளைபொருளுக்கு, உற்பத்திச் செலவோடு 50 சதவீதமாவது கூடுதலாக விலை தரணும் என்று சொன்னதும் இவர் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம்தான். டெல்டா விவசாயிகள் இன்றும் கேட்பது அதைத்தான்.

அப்போ, ஊர் ராசியா?

இல்லை. நெல் விளைந்த செழிப்பில் பள்ளிகளும் கல்லூரியும் சீக்கிரமே வந்தன. அதோடு ஒரு முன்சீப்பின் கேள்வி, ஓர் இரவல் புத்தகம், ஓர் அப்பாவின் முன்மாதிரி என்று சரியான நேரத்தில் ஏதோ ஒன்று கிடைத்தது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ராமானுஜனை வளர்த்த ஊரில்தான் அவர் உதவித்தொகையையும் இழந்தார். ஹார்டி பதில் போடாமல் இருந்திருந்தால்? ஒரு பாடத்தில் பின்னி எடுத்து, மற்றதில் கோட்டை விடும் மாணவர்கள் இன்றைக்கும் நம்ம பள்ளிகளில் இருக்கிறார்கள்.

சாரங்கபாணி சன்னதி தெருவில் ராமானுஜன் வாழ்ந்த வீடு இப்போது நினைவில்லம். கும்பகோணம் போனால், குழந்தைகளோடு ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.