இடம் மாறிய துண்டும் லட்ச ரூபாய் மாத்திரையும்
ஒரு ரத்தப் புற்றுநோய்க்கு விஞ்ஞானம் மருந்து கண்டது. யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சட்டம் முடிவு செய்தது.

1972. சிகாகோவில் டாக்டர் ஜேனட் ரௌலி வீட்டுச் சாப்பாட்டு மேஜை மீது, கத்தரித்த புகைப்படத் துண்டுகள் பரப்பிக் கிடந்தன. எல்லாம் ரத்தப் புற்றுநோயாளிகளின் குரோமோசோம் படங்கள். அவற்றை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்த அம்மா, காகித பொம்மை விளையாடுவதாகப் பிள்ளைகள் கேலி செய்தார்களாம். அந்த விளையாட்டில்தான் விஷயம் சிக்கியது. 22வது குரோமோசோமில் காணாமல் போன துண்டு, 9வது குரோமோசோமின் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

22வது குரோமோசோம் குட்டையாக இருப்பது 1960லேயே தெரியும். க்ரானிக் மைலாய்டு லுகேமியா (சி.எம்.எல்.) நோயாளிகளிடம் அதைப் பார்த்தவர்கள் பிலடெல்பியாவின் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும். ஊரின் பெயரே அதற்கு நிலைத்தது: பிலடெல்பியா குரோமோசோம். அந்தத் துண்டு தொலையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது என்று 1973ல் ரௌலி எழுதினார். குரோமோசோம் கோளாறு புற்றுநோயின் விளைவே தவிர காரணமல்ல என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது.

ஜீன் கோளாறு என்றதும் 'எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே' என்பார்கள் வீட்டார். இது பரம்பரை நோயல்ல. எலும்பு மஜ்ஜையின் ஒரு செல்லில் நடுவயதில் நேரும் விபத்து. துண்டுகள் இடம் மாறும்போது இரண்டு ஜீன்கள் ஒட்டிக்கொண்டு பிசிஆர்-ஏபிஎல் என்ற புது ஜீன் பிறக்கிறது. அது தயாரிக்கும் என்ஸைம், மூட முடியாத குழாய் மாதிரி. 'பெருகு, பெருகு' என்ற உத்தரவு ஓயாமல் போய்க்கொண்டிருக்க, வெள்ளணுக்கள் பல்கிப் பெருகுகின்றன. நோயாளிக்குச் சில வருஷ அவகாசம். பிறகு நோய் மூர்க்கமாகிவிடும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் அன்று குணப்படுத்தும் வழி. அதற்குப் பொருத்தமான உடன்பிறப்பு வேண்டும், பணமும் வேண்டும்.

அந்தக் குழாயை மட்டும் அடைக்க ஒரு மருந்து கிடைத்தால்? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டாக்டர் பிரையன் ட்ருக்கர் விடாப்பிடியாக நின்றார். நோயாளிகள் குறைவு, லாபம் வராது என்ற தயக்கம் கம்பெனிக்கு. கடைசியில் 1998ல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. அதற்கு முன் இன்டர்ஃபெரான் சிகிச்சை பலிக்காமல் போனவர்கள் அவர்கள். 2001 மே மாதம் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மருந்தின் பெயர் இமாடினிப். நோவார்டிஸ் வைத்த வணிகப் பெயர் க்ளீவெக்.

இந்தியாவில் அன்று அதன் விலை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது. இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து அப்போது 8,000 முதல் 10,000 வரை விற்றது. இங்கே சி.எம்.எல். மேல்நாடுகளைவிடப் பத்து வருஷமாவது முன்னதாக, சம்பாதிக்கும் வயதிலேயே வருகிறது. தினமும் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை வேறு.

நோவார்டிஸ் காப்புரிமை கேட்டது சென்னை அலுவலகத்தில். அந்த மருந்தின் 'பீட்டா' படிக வடிவத்துக்கான விண்ணப்பம் அது. மும்பையைச் சேர்ந்த கான்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் எதிர்த்தது. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. தெரிந்த மருந்தின் புது வடிவத்துக்கு, பலன் கூடினாலொழியக் காப்புரிமை இல்லை என்பது 2005ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 3(டி) பிரிவு. அதை எதிர்த்த வழக்கும் 2007ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்றது. கம்பெனி தரப்பிலும் வாதம் இருந்தது: ஆயிரக்கணக்கான இந்தியர்களுக்கு மருந்தை இலவசமாகக் கொடுக்கிறோமே! கொடுத்தது உண்மைதான். ஆனால் தானம் கொடுப்பவர் நிறுத்தினால் கேட்க முடியாது.

2013 ஏப்ரல் 1ம் தேதி உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. புது வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றது கம்பெனி. சேர்வது வேறு, நோயைத் தீர்ப்பதில் பலன் கூடுவது வேறு என்றனர் நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும்.

இமாடினிப் சாப்பிடத் தொடங்கியவர்களில் பத்து வருஷம் கழித்து 83 சதவீதம் பேர் உயிரோடிருந்ததை 2017ல் வெளியான ஆய்வு காட்டியது. சிலரிடம் ஜீன் மறுபடி மாறி மருந்தை ஏமாற்றிவிடுகிறது. அவர்களுக்கு டாசடினிப், நிலோடினிப் என்று அடுத்த தலைமுறை மருந்துகள் வந்தன. பிரான்சில் இன்னொரு பரீட்சை. இரண்டு வருஷமாக ரத்தத்தில் நோயின் தடயமே இல்லாதவர்களின் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பெரும்பாலோர், பழைய மாத்திரையையே மீண்டும் எடுத்ததும் பழையபடி கட்டுக்குள் வந்தார்கள்.