பிரீட்ரிக்: ஜெர்மானிய ஆண் பெயர்

பிரீட்ரிக் என்பது ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவரும் ஆண்பாற் பெயர். ஆங்கிலத்தில் பிரெடரிக், டேனிய மொழியில் பிரெடெரிக், இத்தாலிய மொழியில் ஃபெதெரிகோ என வழங்குவன யாவும் இதன் வடிவங்களே. வீட்டில் கூப்பிடும் சுருக்கப் பெயர் ஃபிரிட்ஸ். பெண்பால் வடிவம் பிரீடெரிக்கே. பெயரின் இறுதி ஒலி நம் 'க்' அன்று. 'ஹ்', 'ஷ்' ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட ஒலி. தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லாமையால் 'பிரீட்ரிக்' என எழுதுகிறோம்.

பெயரின் பொருள்

குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் தேடினால் 'அமைதியான அரசன்' என்று ஒரே வரியில் பொருள் சொல்லப்பட்டிருக்கும். அது தவறன்று, ஆனால் பாதி உண்மைதான். மாணவர்கள் அந்த வரியோடு நின்றுவிடுவதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

இப்பெயர் பழைய உயர் ஜெர்மன் மொழியின் இரு சொற்களால் ஆனது. முதற்பகுதி 'ஃபிரிது'. இதற்கு அமைதி என்றும் பாதுகாப்பு என்றும் பொருள். போர் இல்லாத நிலையை மட்டும் அது குறிக்கவில்லை. ஒரு குலத்துக்குள் அல்லது ஒரு சட்டத்தின் கீழ் வாழ்பவரை யாரும் தீண்டக்கூடாது என்ற காப்பையும் குறித்தது. இரண்டாம் பகுதி வல்லமை உடையவன், ஆள்பவன் என்ற பொருளைத் தருவது. இன்றைய ஜெர்மனில் பேரரசைக் குறிக்கும் 'ரைஷ்' என்ற சொல்லும், ஆங்கிலத்தில் செல்வந்தரைக் குறிக்கும் 'ரிச்' என்ற சொல்லும் இதன் உறவினவே.

இவ்விரு பகுதிகளின் வேர்களும் இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தில் ஆழச் செல்கின்றன. 'ஃபிரிது' என்பது அன்பு காட்டுதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. வடமொழியின் 'பிரிய' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். இரண்டாம் பகுதியோ கெல்டிய மொழியிலிருந்து ஜெர்மானிய மொழிகளுக்கு வந்தது. லத்தீனின் 'ரெக்ஸ்', வடமொழியின் 'ராஜன்' ஆகியவற்றுக்கு உறவானது. நாம் அன்றாடம் பேசும் பிரியம், ராஜா என்ற கடன்சொற்கள் இரண்டும் பிரீட்ரிக் என்ற பெயருக்குத் தூரத்து உறவு என்று சொன்னால் வகுப்பில் யாரும் எளிதில் நம்புவதில்லை.

இனி அந்த மீதிப் பாதி. பழங்கால ஜெர்மானியர் இரு சொற்களை ஒட்டிப் பெயர் அமைத்தபோது அது ஒரு முழுத் தொடராகப் பொருள் தரவேண்டும் என்று எண்ணவில்லை. தந்தை அல்லது தாயின் பெயரில் ஒரு பகுதியை எடுத்து வேறொரு சொல்லோடு சேர்ப்பார்கள். குடும்பத் தொடர்ச்சி தெரிந்தால் போதும். ஹில்டபிராண்ட் பாடல் என்ற பழைய ஜெர்மன் கவிதையில் பாட்டன் ஹெரிபிராண்ட், தந்தை ஹில்டபிராண்ட், மகன் ஹதுபிராண்ட். கடைசிப் பகுதி மூவருக்கும் பொது. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிராங்கிய அரசி ஃபிரெடகுண்ட் என்பவரின் பெயரில் முதற்பகுதி அமைதி, இரண்டாம் பகுதி போர்! இதற்கு 'அமைதிப் போர்' என்று பொருள் சொல்வது வீண் முயற்சி. சீக்பிரீட், காட்பிரீட் ஆகியவற்றில் உள்ள 'பிரீட்', ஹைன்ரிக், உல்ரிக் ஆகியவற்றில் உள்ள 'ரிக்' ஆகிய துண்டுகளின் இன்னொரு சேர்க்கையே பிரீட்ரிக்.

பெயரைத் தாங்கியவர்கள்

இப்பெயரைப் புகழ்பெறச் செய்தவர்கள் அரசர்கள். செந்தாடியர் என்ற பொருளில் பார்பரோசா என அழைக்கப்பட்ட பேரரசர் முதலாம் பிரீட்ரிக், 1162-இல் மிலான் நகரை அழித்தவர். 1190-இல் சிலுவைப் போருக்குச் செல்லும் வழியில் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவர் இறக்கவில்லை, கிஃப்ஹாய்சர் மலைக்குள் உறங்குகிறார் என்பது பிற்காலக் கதை. 1941-இல் சோவியத் ஒன்றியத்தின் மீது நாஜிகள் தொடுத்த படையெடுப்புக்கு இவருடைய பட்டப்பெயரையே சூட்டினர்.

அவருடைய பேரன் இரண்டாம் பிரீட்ரிக் நேர்மாறான செயல் ஒன்றைச் செய்தார். 1229-இல் எகிப்து சுல்தான் அல்-காமிலுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, போரிடாமலே ஜெருசலேம் நகரைப் பெற்றார். அப்போது அவர் போப்பாண்டவரால் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார் என்பது வியப்பு.

பிரஷ்யாவில் 1701 முதல் 1861 வரை ஆண்ட ஆறு மன்னர்களின் பெயரிலும் பிரீட்ரிக் உண்டு. அவர்களுள் புகழ்பெற்றவர் மகா பிரீட்ரிக். 1740-இல் பட்டமேற்ற சில மாதங்களிலேயே சிலேசியாவின் மீது படையெடுத்தார். உருளைக்கிழங்கு பயிரிட ஆணையிட்டவரும் இவரே. இன்றும் போட்ஸ்டாம் நகரிலுள்ள அவருடைய கல்லறையில் மக்கள் உருளைக்கிழங்கை வைத்துச் செல்கிறார்கள்.

மன்னர் பெயரைக் குடிமக்களும் சூட்டினர். தத்துவ அறிஞர் நீட்சே 1844 அக்டோபர் 15 அன்று பிறந்தார். அது மன்னர் நான்காம் பிரீட்ரிக் வில்ஹெல்மின் பிறந்தநாள் ஆதலால் குழந்தைக்கும் பிரீட்ரிக் வில்ஹெல்ம் என்றே பெயரிட்டனர். கவிஞர் ஷில்லர், எங்கெல்ஸ் ஆகியோரும் பிரீட்ரிக்குகளே.

ஆசிரியராக இருந்தவன் என்பதால் ஒருவரைத் தனியே குறிப்பிட விரும்புகிறேன். மழலையர் பள்ளி முறையைத் தோற்றுவித்து 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டவர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் ஆகஸ்ட் ஃபுரோபல். அதே மன்னர் நான்காம் பிரீட்ரிக் வில்ஹெல்மின் ஆட்சியில், 1851-இல், அப்பள்ளிகள் நாத்திகத்தையும் சோஷலிசத்தையும் பரப்புவதாகக் கூறி பிரஷ்ய அரசு தடை செய்தது. ஃபுரோபலின் அண்ணன் மகன் எழுதியவற்றை அவருடையவை என அமைச்சகம் குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். மறு ஆண்டே ஃபுரோபல் காலமானார். தடை நீங்கியது 1860-இல்.

தமிழகத்தோடு தொடர்பு

1706-இல் சீகன்பால்கைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக். 1718-இல் அங்குக் கட்டப்பட்ட புதிய ஜெருசலேம் ஆலயத்தின் முகப்பில் அவருடைய பெயர் முத்திரையைக் காணலாம். பிரஷ்யாவில் பிறந்த கிறிஸ்டியான் பிரீட்ரிக் சுவார்ட்சு 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, திருச்சியிலும் தஞ்சையிலும் பணியாற்றினார். 1779-இல் சென்னை ஆங்கிலேய அரசு அவரை ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக அனுப்பியது. ஹைதர் அவரை மதித்து வரவேற்றார். ஆயினும் அடுத்த ஆண்டே போர் மூண்டது. 1798-இல் மறைந்த சுவார்ட்சுக்கு, அவரைத் தந்தைபோல் மதித்த மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய பளிங்குச் சிற்பம் தஞ்சை சிவகங்கைக் குளத்தருகே உள்ள ஆலயத்தில் இருக்கிறது.

இன்றைய நிலை

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வில்ஹெல்ம், கார்ல், ஹைன்ரிக் ஆகியவற்றோடு மிகப் பரவலாக இருந்த பெயர் இது. அதனாலேயே முதல் உலகப் போரில் ஆங்கிலேயப் படைவீரர்கள் ஜெர்மன் வீரர் எவரையும் 'ஃபிரிட்ஸ்' என்று இகழ்ச்சியாகக் குறித்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரச வாசனை வீசும் பழம்பெயர்களைப் பெற்றோர் ஒதுக்கினர். அண்மைக் காலத்தில் எமில், ஆஸ்கர் போன்ற தாத்தா காலப் பெயர்கள் மீண்டும் விரும்பப்படுகின்றன. ஃபிரிட்ஸும் அவற்றோடு திரும்பியிருக்கிறது. பிரீட்ரிக் என்ற முழுப்பெயர் பெரும்பாலும் இரண்டாம் பெயராகவே சூட்டப்படுகிறது. 2025 மே மாதம் ஜெர்மனியின் அதிபராகப் பொறுப்பேற்ற பிரீட்ரிக் மெர்ட்சின் முழுப்பெயரிலும் யோவாக்கிம் என்பதற்குப் பின்னரே பிரீட்ரிக் வருகிறது.