வியாபாரியின் திசைகாட்டி

'கொம்பாஸ்' என்றால் பாடசாலைப் பிள்ளைக்கு வட்டம் வரையும் கவராயம். மாலுமிக்குத் திசைகாட்டி. எந்தப் பக்கம் போவது நேர்மை என்று உள்ளிருந்து சொல்லும் மனச்சாட்சியையும் நாம் திசைகாட்டி என்கிறோம். இம்மூன்றும் வியாபாரிக்குத் தேவை என்பது என் கருத்து.

கடலில் காந்த ஊசி பயன்பட்டதை விபரிக்கும் பழைய அரபு நூல்களுள் ஒன்றை, பைலக் அல்-கிப்ஜாகி என்பவர் 1282 இல் எழுதினார். அதன் பெயர் 'கன்ஸுத் துஜ்ஜார்' என்று தொடங்கும். வியாபாரிகளின் பொக்கிஷம் என்பது அதன் பொருள். திசைகாட்டியும் வியாபாரமும் அவ்வளவு காலத்து உறவு.

ஒரு திசைகாட்டியை ஹாட்வெயார் கடையின் இரும்புத் தட்டருகே வைத்துப் பாருங்கள். ஊசி வடக்கை விட்டு விலகும். ஊசியில் பழுதில்லை, பக்கத்து இரும்பு இழுக்கிறது. மனச்சாட்சியும் அப்படித்தான். அயல் கடையில் நிறுவையில் குறைத்தால், 'எல்லோரும் செய்வதுதானே' என்று எமக்கும் தோன்றும். அவ்வேளை சற்று விலகி நின்று, அந்த இலாபத்தில் பங்கில்லாத ஒருவரிடம் ஆலோசனை கேட்பதே நல்லது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திசைகாட்டி வடக்கைக் காட்டும். நாம் நிற்கும் இடத்தைக் காட்டாது. 'என் நிய்யத் சுத்தமானது' என்று சொல்லும் பலரிடம் ஒழுங்கான கடன் கொப்பி இல்லை. எந்தக் காசோலை எந்தத் திகதியில் வங்கிக்கு வரும் என்பதும் தெரியாது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அத்தகைய நேரத்தில் எந்தக் கடனை முதலில் தீர்ப்பது, எந்தச் சரக்கை நிறுத்துவது என்று தீர்மானிக்க எழுதிய கணக்கு வேண்டும். நல்லெண்ணம் மட்டும் போதாது. தவணைக் கடனை எழுதி வைக்குமாறு சூரா அல்பகராவின் 282 ஆவது வசனம் எம்மைப் பணிக்கிறது. நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் அந்தக் கணக்குத்தான்.

இனிக் கவராயம். ஒரு கால் ஊன்றி நின்றால்தான் மறு கால் வட்டமிடும். அளவுக்கு மீறி அகட்டினால் ஊன்றிய காலும் வழுக்கிவிடும். கடன் சரக்கை நம்பி அடுத்த ஊரில் இரண்டாவது கடை திறக்க நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஊன்றிய கால் என்பது சொந்த முதலும், தவணை தவறாத நாணயமும்தான்.

இந்த வாரம் கடை பூட்டுமுன் மூன்று விடயங்களை எழுதுங்கள்: வரவேண்டியது, கொடுக்கவேண்டியது, கையிருப்பு. எந்தப் பக்கம் திரும்புவது என்பது அதன் பின் தெளிவாகும், இன்ஷா அல்லாஹ்.