இரண்டு ‘மதுரை’யும் ஒன்றுதானா?

டீயைக் குடித்தபடியே கேளுங்கள், அவசரமில்லை. ஜாவாவில் ஒரு மாறியில் "மதுரை" என்று வைத்திருக்கிறீர்கள். பயனர் கீபோர்டில் தட்டியதும் "மதுரை"தான். இரண்டையும் == போட்டு ஒப்பிட்டால் ‘இல்லை’ என்கிறது கணினி. அச்சிட்டுப் பார்த்தால் ஓரெழுத்துகூட வித்தியாசம் இல்லை.

ஜாவாவில் ஸ்ட்ரிங் என்பது ஒரு ஆப்ஜெக்ட். மாறிக்குள் எழுத்துகள் இருப்பதில்லை. அவை நினைவகத்தில் எங்கே இருக்கின்றன என்ற குறிப்புதான் இருக்கும். == அந்தக் குறிப்புகளை மட்டும் ஒப்பிடும். ஒரே பிளானில் கட்டிய இரண்டு வீடுகளுக்குக் கதவிலக்கம் வேறு வேறுதானே? உள்ளே இருப்பதை ஒப்பிட ‘ஈக்வல்ஸ்’ வேண்டும். அது முதலில் இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று பார்க்கும். இல்லையென்றால் நீளம் சமமா என்று பார்க்கும். அதன் பிறகே எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கும்.

உண்மையான ஆபத்து, == சில நேரம் சரியான விடையையே தந்துவிடுவதுதான். நிரலிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதிய ஒரே மாதிரியான சொற்களுக்கு ஜாவா ஒரே ஆப்ஜெக்டைப் பகிர்ந்து கொடுக்கிறது. ஆகவே சோதனையில் தேறிவிடும். டேட்டாபேஸிலிருந்தோ கீபோர்டிலிருந்தோ வரும் சொல் புது ஆப்ஜெக்ட், அங்கே கவிழும். பைத்தானில் == உள்ளடக்கத்தையே ஒப்பிடும் என்பதால், அங்கிருந்து வருகிறவர்களுக்கு இது இன்னும் குழப்பம்.

மாறி காலியாக, அதாவது ‘நல்’ ஆக இருந்தால் அதன்மேல் ஈக்வல்ஸை அழைக்கும்போது நிரல் பிழையோடு நின்றுவிடும். ஜாவா 7-இல் வந்த ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ் அந்தத் தொல்லையைத் தீர்க்கிறது.

தமிழில் எழுதுகிற நமக்கு இன்னொரு படி பாக்கி. ‘கோவை’யின் முதலெழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ‘க’வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே வரலாம், அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதல் சொல்லின் நீளம் 4, இரண்டாவதன் நீளம் 5. ஈக்வல்ஸ் நீளத்திலேயே ‘இல்லை’ என்றுவிடும். அது சொல்வது தவறில்லை. ஆனால் தன் ஊரைத் தேடுகிறவருக்கு ஊர் கிடைக்காது. ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதைதான். ஜாவா 6 முதல் ‘நார்மலைசர்’ இருக்கிறது. இரண்டு வடிவங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

தமிழ்ப் பெயர்களைக் கையாளும் மென்பொருள் எழுதுகிறீர்களா? சேமிக்கும்போதும் தேடும்போதும் இதைத் தவறாமல் செய்துவிடுங்கள்.